ஜவ்வு விலகிய மருந்தடிப்புத் தொழிலாளி: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

முதுகில் ஜவ்வு, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க், விலகிவிட்டது என்று ஒருவர் வந்தால், முதுகில் கை வைப்பதற்கு முன்னால் அவருடைய கால் பெருவிரலைப் பார்க்க வேண்டும். அந்த விரலுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது, போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதை வைத்தே அடுத்த படி தீர்மானமாகும். இந்த ஆய்வை எழுத அதுதான் முதல் காரணம். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும், நான் செய்கிற கைரோபிராக்டிக் சிகிச்சை எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தோட்டத்து மக்களுக்குத் தமிழில் சொல்கிறவர்கள் குறைவு என்பது இன்னொரு காரணம்.

நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

வந்த கதை

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் சுங்கை சிப்புட், சுற்றுவட்டாரத் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், இங்கே முதுகு வலியோடு வருபவர்களில் பலர் தோட்ட வேலை பார்க்கிறவர்கள் அல்லது பார்த்து ஓய்ந்தவர்கள். குலை வெட்டுகிறவர்களுக்குக் கழுத்தும் தோளும் போகும், லோரியில் குலை ஏற்றுகிறவர்களுக்கு இடுப்பு போகும். மருந்தடிக்கும் பெண்களுக்கும் இடுப்புதான் போகிறது. ஆனால் மற்றவர்களுடைய வலியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவர்களுடைய வலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த அக்காவுக்கு 47 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருந்தடிப்புதான் வேலை. செம்பனை மரத்தடியில் வட்டமாகக் களைக்கொல்லி தெளிக்க வேண்டும். முதுகில் மாட்டும் பம்பு 16 லிட்டர் பிடிக்கும். முழுக்க நிரப்பினால் பம்பின் எடையையும் சேர்த்து ஏறக்குறைய 20 கிலோ வரும். சுமந்துகொண்டு நடப்பதைவிடத் தரையிலிருந்து தூக்கி மாட்டுவதுதான் கடினம். எப்படி மாட்டுவீர்கள் என்று கேட்டேன். ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இடது தோளில் வாரைப் போட்டு, இடுப்பை வலப்பக்கம் திருகி, மறு கையால் அடுத்த வாரைப் பிடித்தபடி எழுந்து காட்டினார். பம்பு இல்லாமல் காட்டும்போதே பாதியில் முகம் சுளித்து நின்றுவிட்டார். குனிவது, திருகுவது, தூக்குவது மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும் அசைவு அது. டிஸ்க்கின் பின்பக்க வளையத்துக்கு அதைவிடப் பெரிய சோதனை கிடையாது. அதை ஒரு நாளில் பலமுறை செய்கிறார்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலையில் அப்படி எழும்போது இடுப்பில் சுரீரென்று இழுத்திருக்கிறது. அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். வழக்கமான வைத்தியங்கள் எல்லாம் நடந்தன. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். குப்புறப் படுத்துப் பேரனை முதுகில் ஏறி மிதிக்கச் சொன்னார். பட்டணத்துக் கிளினிக்கில் ஒரு ஊசியும் 2 நாள் எம்.சி.யும் (மருத்துவ விடுப்பு) கிடைத்தன. ஒரு வாரத்தில் முதுகு வலி குறைந்தது. ஆனால் இடது பிட்டத்திலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கிக் கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் மேல்பக்கம் வரை ஒரு வலி ஓட ஆரம்பித்தது. "முதுகு சரியாப் போச்சு தங்கச்சி, காலுதான் உயிர் போகுது" என்றார். முதுகு வலி குறைந்து கால் வலி கூடுவதைப் பலரும் குணமாவதாக எடுத்துக்கொள்கிறார்கள். அது நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம்.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொன்னார். நடக்கும்போது இடது கால் சிலிப்பர் கழன்று பின்னால் கிடக்கிறதாம், அது கழன்றதே தெரிவதில்லையாம். வலியைவிட அந்த ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சிலிப்பரின் வார் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பிடிபடுகிறது. அந்த இடுக்கின் உணர்வும், பெருவிரலை மேலே தூக்கும் பலமும் ஐந்தாம் இடுப்பு நரம்பு வழியாகத்தான் வருகின்றன.

கேட்டே ஆக வேண்டிய கேள்விகள்

பரிசோதனை மேசைக்குப் போவதற்கு முன்னால் சில கேள்விகள் உண்டு. கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டால் உண்மையான பதில் வராது. வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். ஒன்னுக்கு வருவது தெரிகிறதா, வந்த பிறகு போக முடிகிறதா, அடக்க முடிகிறதா? கழுவும்போது கை படுவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறதா? வெளிக்குப் போவதில் மாற்றம் உண்டா? இரண்டு காலும் ஒன்றாக மரத்துப்போயிருக்கிறதா?

முதுகுத்தண்டின் கடைசியில் நரம்புகள் கற்றையாகத் தொங்குகின்றன. பெரிய டிஸ்க் பிதுக்கம் அந்தக் கற்றையை மொத்தமாக நெருக்கினால் சிறுநீர் கட்டும், உட்காரும் இடம் மரத்துப்போகும். அப்படி ஒரு பதில் வந்தால் சிகிச்சை அறையில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே, பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அறுவை தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். இந்த அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, பழைய புற்றுநோய், ராத்திரி முழுக்க விடாத வலி, இவையும் இல்லை.

இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. மெட்பார்மின் சாப்பிடுகிறார். நம்மவர்களில் இனிப்புநீர் அதிகம், அதனால் பாத மரப்பு என்றாலே அதன் தலையில் கட்டிவிடுவதும் அதிகம். ஆனால் இனிப்புநீரால் வரும் நரம்புச் சேதம் பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறும். இவருக்கு ஒரே பக்கம், பாதத்தின் மேல்பக்கமும் முதல் விரலிடுக்கும் மட்டும். ஆக, சர்க்கரை அளவைக் கவனிக்கச் சொல்வது ஒரு புறம், முதுகைத் தேடுவது மறுபுறம்.

பரிசோதனை

குதிகாலில் நடக்கச் சொன்னேன். வலது முன்பாதம் மேலேயே நின்றது, இடது நாலு எட்டில் கீழே இறங்கியது. பெருவிரலை மேலே தூக்கி நான் அழுத்தும்போது எதிர்த்துப் பிடிக்கச் சொன்னதில், 5 என்ற முழு அளவுக்கு இடது விரல் 4. முட்டியிலும் கணுக்காலிலும் தட்டிப் பார்த்த அனிச்சை இரு பக்கமும் சமம். மல்லாந்து படுக்க வைத்து இடது காலை நீட்டியபடியே தூக்கினால் 35 பாகையில் காலோடு மின்னல் வெட்டுகிறது. வலது காலைத் தூக்கும்போதும் 60 பாகையில் வலி இடது காலில்தான் வருகிறது. நல்ல காலைத் தூக்கினால் கெட்ட காலில் வலிப்பது டிஸ்க் பிதுக்கத்தை வலுவாகக் காட்டும் அடையாளம்.

கடைசியாக ஒரு சோதனை. குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி மார்பை மட்டும் மெல்ல எழுப்பி இறங்கச் சொன்னேன். சில தடவை செய்ததும் பாதத்து வலி கெண்டைக்காலுக்கும், பிறகு தொடைக்கும் ஏறியது. இடுப்பு வலி கொஞ்சம் கூடியது. "மறுபடியும் இடுப்பு வலிக்குதே" என்று பயந்தார். கால் வலி மேலே ஏறி இடுப்புப் பக்கம் ஒதுங்குவது நல்ல குறி என்று விளக்கிச் சொன்னேன். நியூசிலாந்து உடலியக்க சிகிச்சையாளர் ராபின் மெக்கென்சி 1950களில் கவனித்துப் பெயர் கொடுத்த மாற்றம் அது. அப்படி ஏறுகிறவர்கள் அறுவை இல்லாமல் தேறும் வாய்ப்பு அதிகம்.

அன்று முதுகைச் சொடுக்கவில்லை. "ஒரே தட்டுல எலும்ப உள்ள போட்டுடுவீங்கன்னு சொன்னாங்களே தங்கச்சி" என்றார், ஏமாற்றம் குரலில் தெரிந்தது. சொடுக்கும்போது வரும் சத்தம், மூட்டுத் திரவத்தில் வாயுக் குழி உண்டாவதால் வருகிறது. எந்த எலும்பும் எங்கேயும் உள்ளே போவதில்லை. பிதுங்கிய ஜவ்வையும் கையால் தள்ளி உள்ளே வைக்க முடியாது. அப்படிச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள், சுளுக்கு வழிக்கிறவர்களிலும் இருக்கிறார்கள். அது எனக்குக் கோபமூட்டும் விஷயம். விரல் பலம் குறைந்திருக்கும் ஒருவருக்குப் படம் பார்க்காமல் இடுப்பைத் திருகிச் சொடுக்குவது அவருடைய காலை வைத்துச் சூதாடுவது.

படமும் கூட்டு முடிவும்

கிளினிக் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தேன். அவர் ஈப்போவில் எலும்பு நிபுணருக்கு எழுதினார். பிள்ளைகள் காசு போட்டுத் தனியார் மையத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க்கின் உட்கூழ், வளையத்தைக் கிழித்துக்கொண்டு இடப்பக்கம் வெளியே வந்து ஐந்தாம் நரம்பின் வேரை அழுத்துகிறது. கீழே இன்னொரு டிஸ்க்கிலும் லேசான புடைப்பு.

அந்த இரண்டாவது புடைப்பைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லாரும் கலங்கினார்கள். "ரெண்டு ஜவ்வு போச்சாம்" என்று தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. 1994ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 விழுக்காட்டினருக்கு ஒரு டிஸ்க்கிலாவது புடைப்பு இருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் நோயல்ல. வலி ஓடும் வழி, மரத்த இடம், பலம் குறைந்த விரல், படத்தில் அழுத்தப்படும் நரம்பு நான்கும் ஒரே பெயரைச் சொன்னால்தான் கணக்கு ஒத்துப்போகிறது. இவருக்கு மேல் டிஸ்க்கில் ஒத்துப்போனது. கீழ் டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டோம்.

அறுவை நிபுணர் நிதானமாகப் பேசினார். பலக் குறைவு லேசானது, கூடிக்கொண்டு போகவில்லை, சிறுநீர்ப் பிரச்சினை இல்லை, அதனால் ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். விரல் 3க்கு இறங்கினாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். அதுவே எங்கள் எல்லாருக்கும் பொதுவான உடன்படிக்கை ஆயிற்று. ஒவ்வொரு முறை வரும்போதும் செருப்பைக் கழற்றியதும் முதலில் விரலைத்தான் சோதித்தேன். அட்டையில் முதல் வரி அதற்கு. வலி எண் இரண்டாவது வரி.

சிகிச்சை

வாரம் இரண்டு முறை வந்தார். பயன்படுத்தியது வளைத்து நீட்டும் மேசை. குப்புறப் படுத்தால் இடுப்புக்குக் கீழுள்ள பாதி மெல்ல இறங்கும். நான்காம் எலும்பின் முள்ளில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் மேசையைச் சில விநாடி இறக்கி ஏற்றுவேன். திருகுவது இல்லை, சொடுக்குவது இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் லேசாக இறக்கி, கால் வலி கூடுகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் தொடர வேண்டும். முதல் வாரத்தில் ஒருமுறை கூடியது, அன்றோடு நிறுத்திவிட்டேன். பிட்டத் தசையின் இறுக்கத்தைக் கையால் தளர்த்தினேன். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, விரல் நிலையாக இருந்ததால், மேல்முதுகு மூட்டுகளை மட்டும் மெதுவாகச் சரிசெய்தேன். கெட்டுப்போன இடுப்பு டிஸ்க்கில் கடைசி வரை வேகமான சொடுக்கு கொடுக்கவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவைதான் சிகிச்சையின் பெரிய பாதி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குப்புறப் படுத்து மார்பை எழுப்பும் பயிற்சி. பாய் விரிக்கத் தரை இருந்தால் போதும் என்பதால் செய்துவிட்டார். சாயங்காலம் தோட்டத்துத் திடலைச் சுற்றி நடை, முதலில் வலி பொறுக்கும் அளவுக்கு, பிறகு கூட்டிக்கொண்டே. படுக்கையிலேயே கிடக்கக் கூடாது என்று சொன்னதை அவர் மாமியார் ஒப்புக்கொள்ளவே இல்லை, அவருக்கும் தனியாக விளக்க வேண்டி வந்தது. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போவதை நிறுத்தினார். முதுகில் மிதிப்பது அடியோடு கூடாது என்று பேரனிடமே சொன்னேன்.

நான்காம் வாரத்தில் கால் 55 பாகை வரை வலியில்லாமல் ஏறியது. வலது காலைத் தூக்கினால் இடது காலில் வந்த வலி போய்விட்டது. விரல் ஏறக்குறைய சமம். ஐந்தாம் வாரம் ஆடித் திருவிழா. கோயிலில் அண்டா கழுவக் குனிந்து நின்றிருக்கிறார். மறுநாள் கெண்டைக்கால் வரை வலி இறங்கி, அழுதுகொண்டே வந்தார். விரலைப் பார்த்தேன், பலம் அப்படியே இருந்தது. அதனால் பதறவில்லை. பயிற்சியை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிட்டது. இடையில் இப்படி ஒரு சறுக்கல் பலருக்கும் வரும். வலி கூடியதா என்பதைவிட நரம்பு பின்வாங்கியதா என்று பார்ப்பதே முக்கியம். எட்டாம் வாரம் விரல் 5. குதிகால் நடை இரு பக்கமும் ஒன்று.

யார் குணப்படுத்தினார்கள்

இதை நேர்மையாகப் பேச வேண்டும். கைரோபிராக்டிக்தான் இந்த ஜவ்வைச் சரிசெய்தது என்று என்னால் எழுத முடியாது.

வளையத்தைக் கிழித்து வெளியே வந்த கூழை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. தின்னும் அணுக்கள் வந்து கரைக்கின்றன. 2015ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, தானாகச் சுருங்கும் வாய்ப்பு வெறும் புடைப்புக்கு 13 விழுக்காடு, கிழித்து வெளியே வந்தவற்றுக்கு 70, துண்டாகப் பிரிந்தவற்றுக்கு 96. படத்தில் பார்க்கப் பயங்கரமாக இருப்பதுதான் அதிகம் கரைகிறது. 2007ல் நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடந்த ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்தவர்களுக்குக் கால் வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் காத்திருந்தவர்களும் அவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் கடைசியில் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் கை வைத்தியம் எதற்கு? 2006ல் இத்தாலியில் டிஸ்க் பிதுக்கமும் கால் வலியும் உள்ள 102 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான கைச் சிகிச்சையும் மறு பாதிக்குப் பாவனைச் சிகிச்சையும் கொடுத்தார்கள். கால் வலி முழுக்கப் போனவர்கள் முதல் குழுவில் 55 விழுக்காடு, மற்றதில் 20. நல்ல வித்தியாசம். ஆனால் ஆய்வு சிறியது. அதை இந்த அக்காவுக்கு அப்படியே பொருத்த எனக்கு மனம் வரவில்லை. உடம்பு தன் வேலையைச் செய்யும் வாரங்களில் வலியைத் தாங்கும் அளவுக்குக் குறைத்து, பயத்தை எடுத்து, நடக்க வைத்து, நரம்பைக் காவல் காத்தேன் என்று சொல்லத்தான் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தால் சுருங்கியிருப்பது தெரியலாம். அறிகுறி போன பிறகு என் ஆவலுக்காக இன்னும் பல நூறு வெள்ளி செலவழிக்கச் சொல்வது நியாயமில்லை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் கைரோபிராக்டிக்கும் அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் ஒன்று. முதுகில் கை வைக்கக் கொடுப்பதற்கு முன்னால், இந்தத் துறையில் முறையாகப் படித்தவரா, பதிந்தவரா என்று கேட்கும் உரிமை யாருக்கும் உண்டு. கேட்டால் கோபிக்கிறவரிடம் போகாதீர்கள்.

வேலைக்குத் திரும்புவது

உண்மையில் இங்கேதான் அதிகம் சிரமப்பட்டோம். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்குச் சட்டப்படி சம்பளத்தோடு வருடத்துக்கு 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. நரம்பு தேற இரண்டு மூன்று மாதம் ஆகிறது. எம்.சி. எழுதுவது மருத்துவரின் அதிகாரம், என் கையில் இல்லை. தோட்ட நிர்வாகத்துக்கு நிபுணர் எழுதிய கடிதத்தோடு, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு பக்கத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) நல்ல மனிதர். கொஞ்ச நாளைக்கு மருந்து ஸ்டோரில் கணக்கு எழுதும் வேலைக்குப் போட்டார்.

விபத்து நடந்த அன்றே இவர் யாரிடமாவது சொல்லியிருந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவுக்குத் தகவல் போயிருக்கும். வேலை நேரத்தில் விபத்து என்றால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டதை விபத்து என்று நம் பெண்கள் நினைப்பதே இல்லை. பம்பு தூக்கும்போது சுரீரென்றால் அன்றைக்கே மண்டோரிடம் சொல்லுங்கள், எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் மாதம் மருந்தடிப்புக்குத் திரும்பினார். பம்பை இனி தரையில் வைப்பதில்லை. தண்ணீர் டாங்கி நிற்கும் இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு பலகை மேடை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் வைத்து நிரப்பி, திரும்பி நின்று, இரண்டு வாரையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நேராக நடக்கலாம், குனியவும் வேண்டாம், திருகவும் வேண்டாம். முதல் மாதம் பாதிப் பம்புதான் நிரப்பினார். நடை கூடியது, கூலி கொஞ்சம் குறைந்தது, அதற்கு ஒத்துக்கொண்டார். இப்போது முக்கால் பம்பு. கூட வேலை செய்யும் பெண்களும் அந்த மேடையில்தான் மாட்டுகிறார்கள்.

முதல் விரலிடுக்கில் கொஞ்சம் மரப்பு இன்னும் இருக்கிறது. பலம் திரும்பிய பிறகும் உணர்வு திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் விடும். இனிப்புநீர் இருப்பதால் அந்த இடத்தில் புண் வந்தால் தெரியாது. தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்கவும், தோட்டத்தில் ரப்பர் பூட்ஸோடு மட்டும் நடக்கவும் சொல்லியிருக்கிறேன். மாதம் ஒருமுறை வருகிறார், விரலைச் சோதித்து எழுதிவைக்கிறேன். கடைசியாக எழுதியது: இடது 5, வலது 5, கால் தூக்கல் 75 பாகை, இடுக்கில் லேசான மரப்பு, சிறுநீர் வழக்கம்போல்.